இரண்டு பக்கமும் ஊசி

அப்பா,

பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். இட்லி அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள்.

நீங்கள் நேற்று வாங்கிவந்த ஆன்டெனா கேபிளைக் காலையில் மறுபடி மாட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் வைஃபை கார்டில் நடுவே ஊசி இருக்கிறது, கேபிள் முனையிலும் ஊசி. இரண்டும் முட்டிக்கொண்டு திருகு ஏறவில்லை. கேபிள் முனையில் ஊசிக்குப் பதில் ஓட்டைதான் இருக்க வேண்டும்.

"ஒரு கேபிள் பாத்து வாங்கத் தெரியாதுங்களாப்பா?" என்று நேற்று கத்திவிட்டேன். "நீ எழுதிக் குடுத்ததக் காட்டித்தான் கண்ணு வாங்குனேன்" என்று மட்டும் சொன்னீர்கள். துவைக்க எடுத்த உங்கள் சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்தது. ஓட்டை வைத்த வகைக்கு 'ஆர்பி எஸ்எம்ஏ' என்று பெயர்; நான் வெறும் 'எஸ்எம்ஏ' என்று எழுதியிருக்கிறேன், அது ஊசி வைத்தது. கடைக்காரர் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்.

இந்த வெயிலில் எனக்காகக் கடைக்கு அலைந்தீர்கள். இன்று நானே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்கிறேன். மூன்று நாளாக நெட் இல்லை, கம்பெனி வேலை அப்படியே கிடக்கிறது. அந்த அலுப்பை உங்கள் மேல் காட்டிவிட்டேன்.

தமிழ்ப்ரியா

கேபிளை நான் எடுத்துப் போகிறேன், தேடாதீர்கள்.

நேற்று நான் கத்தியதைக் கேட்டுக்கொண்டிருந்த சின்னையன் மாமா சாயங்காலம் வருவார். நான் வரும்வரை அவரை அனுப்பிவிடாதீர்கள். தப்பு என்னுடையது என்று அவர் எதிரிலேயே சொல்ல வேண்டும்.