உரியாத சிவப்பு

வாகரை
2009 தை

மகள்,

நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு வதனி எழுதுகிறாள். வன்னியில் நீ இருக்கிற பக்கம் ஷெல் விழுகிறதாம். நகத்துக்குச் சிவப்புக் கியூட்டெக்ஸ் பூசிக்கொள்.

“இந்த நேரத்தில கியூட்டெக்ஸா அப்பு?” என்கிறாள் வதனி. நீ எழுது பிள்ளை என்றேன்.

சுனாமிக்கு முதல்நாள் அம்மாவுக்குப் பூசினாயே, அப்படிப் பூசு. நகத்து எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிசாக ஒருதரம், காய்ந்தபின் இன்னொருதரம், நுனி விளிம்பையும் மூடி.

“மீன் வெட்டுற கைக்கு இது என்னத்துக்கு?” என்று அம்மா சிரித்தாள்.

“ரெண்டு கிழமைக்கு உரியாதும்மா” என்றாய்.

உரியவில்லை. இதுவரை உனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கண்டெடுத்தபோது அம்மாவுக்கு முகம் இருக்கவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நீ நடந்து வந்தால் நகத்தைப் பார்க்கவே மாட்டேன், மகள்.

அப்பாவின் கைநாட்டு