ஏழாம் நாளும் ஒன்பதாம் நாளும்

ஜூன் 9, திங்கள்

பால் மறுபடியும் திரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஆர்காதி இறந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு ஒரு ஆளுக்கு வாங்கத் தெரியவில்லை.

சாயங்காலம் கீழ் வீட்டு ஸோயா வந்தாள். நாலு நாள் பஸ் சுற்றுலாவாம். என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டாள். "நீ தத்தார்காரி. உன் ஊரை நான் போய்ப் பார்க்கணும், நீ முரோம்ல உட்கார்ந்து சன்னலைப் பார்க்கணுமா? கிளம்புடி." ஸ்வியாஷ்ஸ்க், கசான், எலாபுகா என்று விரல் மடக்கினாள்.

எலாபுகா என்றதும் நான் சுத்தமான அடுப்பை மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.

அங்கேதான் மின்ஸிஃபா அக்கா இருக்கிறாள். என் கூடப் பிறந்தவள். எனக்கென்று உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே ஆள். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

தூக்கம் இல்லை. எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும்.

அம்மா இறந்தது பிப்ரவரியில். எங்கள் முஸ்லிம் வழக்கப்படி மறுநாளே அடக்கம். பனிப்புயலில் ரயில் இல்லை, நான் போக முடியவில்லை. சரி, அடுத்த சடங்குக்காவது போய்விடலாம் என்று லீவு எழுதிக் கொடுத்தேன். விரல் விட்டு எண்ணினேன். ஒன்பதாம் நாள் போய் இறங்கினேன், கையில் கேக்குடன்.

எங்களுக்குச் சடங்கு நாள் மூன்று, ஏழு, நாற்பது, ஐம்பத்தொன்று. ஒன்பது ரஷ்யர்களுக்கு! இது எனக்குத் தெரியாதா? அப்பாவின் ஏழாம் நாளுக்கு முப்பது பேருக்கு சூப் ஊற்றிக் கொடுத்தவள் நான். முப்பது வருஷம் ரஷ்ய வீட்டில் வாழ்ந்ததில் என் விரல்கூட மாறிப்போச்சா? மாமனார், மாமியார், நாத்தனார் என்று மூன்று பேருக்கு ஒன்பதாம் நாள் நடத்தியவள். கை தானாக ஒன்பதில் போய் நின்றுவிட்டது.

அக்கா வாசலில் நின்றாள். உள்ளே மேசை மடித்து வைத்திருந்தது. முல்லா ஓதிவிட்டுப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. "அம்மாவுக்கு ஏழாம் நாள்டி. ஒன்பதாம் நாள் உன் மாமியாருக்கு" என்றாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

கேக்கைப் பனியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

எலாபுகாவில் மூன்று மணி நேரம் இஷ்டம்போல் சுற்றலாம் என்று தாளில் போட்டிருக்கிறது. யார் கேட்டார்கள் மூன்று மணி நேரம்?

ஜூன் 12, வியாழன். ஸ்வியாஷ்ஸ்க்

விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பியது. ஸோயா ஏறின உடனே அவித்த முட்டையை உரித்தாள், பஸ் முழுக்க வாசனை. நாற்பது பேர். எல்லோரும் ஜோடி, அல்லது அம்மாவும் மகளும், அல்லது ஸோயா மாதிரி பார்த்தவர்களோடெல்லாம் ஒட்டிக்கொள்கிற ஜாதி.

தீவில் ஒரே காற்று. வழிகாட்டிப் பெண் பொலினா, இருபத்தைந்து வயது இருக்கும், மைக்கில் சொன்னாள்: "இந்தக் கோட்டையிலிருந்து போய்த்தான் நாம கசானைப் பிடிச்சோம்." ஸோயா என்னை இடித்தாள். "மன்னிச்சுக்கோ ஃபான்யா, உங்க ஊரைப் பிடிச்சுட்டோம்." "பிடிச்சு என்னத்தைக் கண்டீங்க? ஒழுங்கா ஒரு டீ குடிக்கக்கூட நாங்கதான் கத்துக்கொடுக்க வேண்டியிருந்தது" என்றேன். முன்னால் நின்றவர்கூடச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். அப்புறம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது — நான் யார் பக்கம்? பிடித்தவர்கள் பக்கமா, பிடிபட்டவர்கள் பக்கமா? இரண்டு பக்கத்திலும் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

தேவாலயத்துக்கு முன்னால் எல்லோரும் என்னிடமே போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். தனியாக நிற்கிறவளைக் கண்டால் அப்படித்தான். பதினேழு படம் எடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி. கசான்

மசூதி வாசலில் துணி கொடுக்கிற பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம் தத்தார் மொழியில் மருமகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள். சோற்றுக்கு உப்புப் போடத் தெரியவில்லையாம். எனக்குக் காது குளிர்ந்தது. என்னைக் கண்டதும் ரஷ்ய மொழிக்கு மாறி, "தலையை மூடிக்கோங்கம்மா, செருப்பு அங்கே" என்றாள், வெளியூர்க்காரியிடம் சொல்கிற மாதிரி.

நானும் உங்கள் ஆள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. வந்தது எல்லாம் ரஷ்ய மொழி. ஆறு வருஷமாக அந்த மொழியில் யார் என்னிடம் பேசினார்கள்? சண்டை போடக்கூட ஆள் இல்லையே. துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு போனேன்.

ஸோயாவிடம் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "நாளைக்கு நீ போகலேன்னா நான் போய்க் கதவைத் தட்டுவேன்" என்கிறாள். செய்வாள், நம்ப முடியாது.

ஜூன் 14, சனி. எலாபுகா

போனேன்.

ஒரு மணிக்கு பஸ் நின்றது. மற்றவர்கள் ஓவியரின் வீட்டுக்கும் ஆற்றங்கரைக் கோபுரத்துக்கும் போனார்கள். நான் ஒரு டீ பொட்டலமும் முரோமிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் எடுத்துக்கொண்டு நடந்தேன். கேட்டுக்குப் புதுப் பச்சை பூசியிருந்தது. இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை அக்காவே திறந்தாள். தலை முழுக்க நரை. கையில் மண்; திராட்சைச் செடிக்குக் கொத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வாங்க" என்றாள்.

வாங்க!

வெள்ளை விரிப்பு போட்டாள். கண்ணாடி அலமாரியைத் திறந்து தங்கக் கரை போட்ட கோப்பைகளை எடுத்தாள். அம்மா காலத்தில் முல்லாவும் சம்பந்தி வீட்டாரும் வந்தால் மட்டும் எடுப்பது. பால் ஊற்றின டீ, கறி வைத்த ரொட்டி, தேன். பஸ் வசதியா? முரோமில் மழை உண்டா? எத்தனை பேர் வந்திருக்கீங்க? நானும் பதில் சொன்னேன். நாற்பது பேர். மழை இல்லை.

"அக்கா, அன்னிக்கு நான்—" என்று ஆரம்பித்தேன்.

"டீ ஆறுது" என்றாள்.

அப்புறம், "உங்க வீட்டுக்காரர் சௌக்கியமா?"

"போன நவம்பர்ல போயிட்டார்."

கெண்டி அப்படியே நின்றது. கீழே வைத்தாள். இரண்டு கையையும் ஏந்தி வாய்க்குள் ஓதி முகத்தில் தடவிக்கொண்டாள். ஒரு ரஷ்யனுக்காக. அப்புறம் என் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்து, "சாப்பிடுங்க" என்றாள்.

ஊற்றிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று. கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்தேன். விருந்தாளிகள் போதும் என்று சொல்வது அப்படித்தான். பிறந்த வீட்டில் நான் கோப்பையைக் கவிழ்த்ததே இல்லை. அதைப் பார்த்தாள்.

கேட்டு வரைக்கும் வந்தாள். "எப்போ போய்ச் சேருவீங்க?" "நாளைக்கு சாயங்காலம் எட்டு மணிக்கு." "நல்லபடியா போங்க."

திட்டவே இல்லை! சின்ன வயதில் நான் ஆற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்ததற்கு மூன்று நாள் திட்டினவள். இன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. காறித் துப்பியிருந்தாலும் சந்தோஷமாக வந்திருப்பேன். விருந்தாளியை யாரும் திட்ட மாட்டார்கள். அவ்வளவுதான், அக்காவும் போனாள்.

பஸ்ஸில் ஸோயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதிசயமாக, வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

நாள் முழுக்க வழி. வோல்கா பாலத்தில் யாரோ பாட ஆரம்பித்தார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நான் தூங்குகிற மாதிரி இருந்தேன். எட்டேகாலுக்கு வீடு. நன்றாக வெளிச்சம் இருந்தது. பையைக்கூடப் பிரிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

வேலைக்குப் போனேன், பல் ஆஸ்பத்திரியில் வந்தவர்களுக்குச் சீட்டு எழுதினேன். ஐம்பத்திரண்டு பேர். பயணம் எப்படி என்று கேட்டார்கள். நன்றாக இருந்தது என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஏழு மணிக்கு, உருளைக்கிழங்கு வதக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்து அலோ சொல்லக்கூட விடவில்லை.

"இருக்கியா செத்தியா? ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குப் போய்ச் சேருவேன்னு வாய் கிழியச் சொன்னே. இன்னிக்கு என்ன கிழமை? போய்ச் சேர்ந்தா ஒரு போன் பண்ண மாட்டியா, எருமை? பஸ் எந்தப் பள்ளத்துல கிடக்கோன்னு ரெண்டு நாளா நான் செய்தியையே போட்டு உட்கார்ந்திருக்கேன்!"

தத்தார் மொழியில். மூச்சு விடாமல்.

ஆறு வருஷமாக என் நம்பரை வைத்திருக்கிறாள்.

"புருஷன் செத்து ஏழு மாசம், ஒரு வார்த்தை சொல்லலையே. நான் என்ன மூணாம் மனுஷியா? ராத்திரியோட ராத்திரியா வந்திருக்க மாட்டேனா? விருந்தாளி மாதிரி வர்றா, கோப்பையைக் கவிழ்க்கிறா, பெரிய மனுஷி! ரெண்டு ரொட்டிக்கு மேல தின்னலை. எலும்பும் தோலுமா நிக்கிறே, கண்ணாடியில மூஞ்சியைப் பார்க்கிறியா இல்லையா?"

"அக்கா—"

"பேசாதே. ஒன்பதாம் நாள் வந்தியே, வந்தவ என்னைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து உட்கார வேண்டியதுதானே? நான் கத்தினா நீ போயிடுவியா? என்னிக்குடி நான் கத்தாம இருந்திருக்கேன்?"

கிழங்கு கருகிற்று. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அழாதே, சனியனே, என்று அதற்கும் ஒரு திட்டு.

நடுவில் இரண்டு தடவை லைன் அறுந்தது. இரண்டு தடவையும் அவளே கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.