வலது கைப் பக்கத்து ஜன்னல்

சிட்டு,

மீன் கூடையைக் கழுவும்போது சுருக்குப்பையிலிருந்து ஒரு டிக்கெட் விழுந்தது. ராயபுரம் பங்களா டிக்கெட். அதிலும் வஞ்சிரம் வாசனைதான். அதான் எழுதுறேன். எழுத்து தப்பா இருந்தா சிரிக்காத.

உன் காரியத்தன்னிக்கு, நம்மகூட மீன் கூடை தூக்குற கஸ்தூரி, "பங்களா ஊஞ்சல்ல குந்திகினு காபி குட்ச்ச கதைய இனிமே யாருடீ சொல்றது?"ன்னு சிரிச்சா. முப்பது வருஷம் அந்த வீட்டுக்கு மீன் போட்டவ நீ. "அந்த வீட்டம்மாவே உக்காரச் சொன்னாங்க, வலது பக்கம் பச்சைக் கண்ணாடி ஜன்னல், வெயில் பட்டு என் புடவையே பச்சையாச்சு"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்ப. இப்ப அந்தம்மாவும் இல்ல, கேக்க. காலியா கெடந்த பங்களாவைச் சுத்திப் பாக்க விடுறாங்கன்னு தெரிஞ்சதும், நீ புளுகலன்னு காட்டவே கஸ்தூரியையும் மேரியையும் இழுத்துக்கிட்டுப் போனேன்.

டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு மூணு பேரும் பின்பக்கத்து கேட்டுக்கே போய் நின்னோம். செருப்பையும் கழட்டிட்டோம். வாட்ச்மேன் ஓடி வந்தார். "இன்னாம்மா, டிக்கெட் வாங்கிகினு இங்க நிக்கிறீங்க? முன்னால வாங்க."

"முன்வாசல் பழக்கமில்ல நைனா" ன்னா மேரி.

கூடத்துல ஊஞ்சல் இருந்தது. உக்காரக் கூடாதுன்னு கயிறு கட்டி. எதிர்ல நின்னு பாத்தா ஜன்னல் அதுக்கு இடது பக்கம். "வலதுன்னாளே உன் தோஸ்து!" கஸ்தூரி இடுப்புல இடிச்சா. சுத்திக் காட்டுன பொண்ணு வேற, "மீன்காரங்க சமையக்கட்டு வாசலோட சரிம்மா" ன்னுச்சு.

அந்த வாசல்ல தனியா போய் நின்னேன். நீ நின்ன இடம். அங்கிருந்து ஊஞ்சல் மறைஞ்சுபோச்சு. சுவத்துல ஆளுயர நிலைக்கண்ணாடி ஒண்ணு. அதுக்குள்ள ஊஞ்சல் தெரிஞ்சது, ஜன்னல் வலது பக்கமா. இதைப் பாத்துதான் சொன்னியா? அவளுங்ககிட்ட மூச்சு விடல.

இன்னிக்கு கூடையைக் கவிழ்த்து அதுமேல குந்திப் பாத்தேன். ஊஞ்சல்ல உக்காந்தவளுக்கும் அந்த ஜன்னல் வலது கைப் பக்கம்தானே வரும்! எழுந்தேன். மறுபடி குந்தினேன். உக்காந்து பாத்தாலும், கண்ணாடியில பாத்தாலும், ரெண்டும் சரியாத்தான் வருது. கண்ணாடியில பாத்தவளுக்குப் புடவை எப்படி பச்சையாகும்? ஆனா நீ கதை கட்டவும் கெட்டிக்காரி.

கஸ்தூரிகிட்ட, "உக்காந்தாடீ, நான் பாத்துட்டு வந்தேன்"னு சொல்லிட்டேன். சொன்னதிலேர்ந்து நானும் உன்கூட அந்த வாசல்லயே நிக்கிறேன்.

நீ உக்காந்தியா சிட்டு? இல்ல, தலையில கூடையோட நின்னுகிட்டு, எனக்கு வந்து சொல்றதுக்காகவே கண்ணாடிக்குள்ள உக்காந்தியா?