தட்டில் வைத்த சுறா

மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கேஸ் பில்லின் பின்பக்கத்தில் மைதிலி கணவனுக்கு எழுதினாள்.

"ஏனுங்க, பாப்பாவோட எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். மத்தி கழுவி மசால் தடவி பிரிட்ஜில வெச்சிருக்கேன், பொரிச்சுக்குங்க. அத்தை எனக்குன்னு செஞ்ச சுறாப் புட்டு சட்டியில மிச்சம் இருக்குது. நீங்களே சாப்புடுங்க. நீங்கதான் பால் குடுக்கறதில்லையே."

கடைசி வரியில் பேனா தாளைக் கிழித்தது.

நேற்று வாழவந்தி நாடு கிராமத்துக் கூட்டத்தில், சுகாதார ஆபீஸ் சார்பாக அவள் கணவன் ஓம்பிரகாஷ்தான் மைக் பிடித்தான். "பெரிய மீன்ல பாதரசம் சேருமுங்க. பால் குடுக்கற தாய்மாருங்க சுறா வேண்டாமுங்க. மத்தி, நெத்திலி சாப்புடுங்க. சத்தும் உண்டு, பாதரசமும் கம்மி." எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த மைதிலியும் தட்டினாள்.

ராத்திரி மாமியார், "சுறா தின்னாத்தான் கண்ணு பால் ஊறும்" என்று அவள் தட்டில் அள்ளி வைத்தார். மைதிலி கணவனைப் பார்த்தாள். அவன் மோர் கேட்டான்.

கிழிசலுக்குக் கீழே மேலும் எழுதினாள். "அத்தை மேல எனக்குக் கோவமில்லீங்க. அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

பஸ் ஹாரன் கேட்டது. செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் அடியில் இடுக்கி எழுதினாள்.

"அத்தைகிட்டச் சொல்லிட்டுப் போன் பண்ணுங்க, வாரேன். சொல்றதுக்கு மைக் வேணும்னா ஆபீஸ்ல இரவல் வாங்கிட்டு வாங்க."