உடுத்திக் காட்டியது நான்

ஆவணி 12, வெள்ளி, இரவு.

கடையில் ஓணக் கூட்டம். கால் இன்னும் கடுக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை.

வலியசாலையிலிருந்து ஒரு மாமி வந்தாள், மகள் கல்யாணத்தில் தான் உடுத்தப் புடவை எடுக்க. நல்ல பருமன், என்னைப் போலவே. மேனேஜர் வழக்கம்போலச் செல்வியைக் கூப்பிட்டு ஜரிகை மின்னும் டிஷ்யூ புடவையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். எங்கள் கடையில் உடுத்திக் காட்டுவது எப்போதும் அந்த ஒல்லிப் பெண்தான். நான் மடித்து வைப்பவள்.

"இவளுக்கு எதைச் சுத்தினாலும் அழகாத்தான் இருக்கும். எனக்கு எப்படி இருக்கும்னு யார் சொல்லுவா?" என்றாள் மாமி.

நான் மேனேஜரைக் கேட்கவில்லை. சின்னக் கரை போட்ட மைசூர் பட்டை எடுத்து என்மேல் சுற்றிக்கொண்டேன். "டிஷ்யூ விறைச்சு நிக்கும் மாமி. நமக்கு இப்படி வழுவழுன்னு விழணும். உடம்பை ஒண்ணும் மறைக்க வேண்டாம்."

மாமி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதையே கொடு."

மேனேஜர் என்னை முறைத்துவிட்டுப் பில் போடப் போனார். நாளைக்கு ஏதாவது சொல்வாரோ என்னவோ. சொல்லட்டும்.

கடை அடைக்கும் நேரம் செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாக்கும் என்று நினைத்தேன். "சேச்சி, எனக்கு எது சேரும்? எல்லாம் சேரும்னே எல்லாரும் சொல்லுதாவ."

மாமி தள்ளி வைத்த டிஷ்யூவையே எடுத்து அவள் தோளில் போட்டேன். ஒல்லி உடம்புக்கு அந்த விறைப்புதான் வேண்டும். காலையிலிருந்து வந்தவர்களுக்கு உடுத்திக் காட்டியே நின்றவள், தன்னைப் பார்க்கக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

விளக்கை அணைக்கச் சொல்லி மேனேஜர் சத்தம் போட்டார். நான் அணைக்கவில்லை.