கடைசி அத்தியாயத்தில் திருந்துகிறவர்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இந்த மாதம் படித்த மூன்று நாவல்களிலும் கதாநாயகன் கதாநாயகியை அறைகிறான். மூன்றிலும் கடைசி அத்தியாயத்தில் அழுது திருந்துகிறான். நான் ரசித்துத்தான் படித்தேன். படித்து முடித்ததும் தங்கை மலருக்குக் கொடுத்தேன்.

இன்று காலை மலர் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி ஒத்தக்கடைக்கு வந்துவிட்டாள். ஒரு கன்னம் வீங்கி, கண்ணோரம் ரத்தம் கட்டியிருந்தது. யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை.

"இங்கயே இருந்துரு. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

நாவல்களைத் திருப்பிக் கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்பி நின்றாள்.

"எங்கடி போற?"

"வீட்டுக்குத்தான் போறேன். இதுல அவ பொறுத்துப் போனதாலதானக்கா அவன் மாறுனான்? எம்புட்டு அடிச்சாலும் உள்ளுக்குள்ள பாசம் இருக்கும்ல?"

"அது கதைடி."

"நல்லாருக்கு, படின்னு நீதானக்கா குடுத்த?"

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

வந்ததும் ஒரு நாவலில் அவன் அறையும் பக்கத்தைத் தேடிப் படித்தேன். அவள் கன்னம் சிவந்தது என்று இருக்கிறது. வீங்கியது என்று எங்கும் இல்லை. அடுத்த வரியிலேயே அவன் மீசையைப் பற்றி எழுதியிருக்கிறது. போன வாரம் இதே பக்கத்தில்தான் சிரித்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்ததும் மலருக்குப் போன் செய்தேன். அவள் புருஷன் எடுத்தார்.

"அவ படுத்துட்டா மதினி."

"இந்நேரத்துலயா? எழுப்புங்க மாப்ள."

வைத்துவிட்டார். அதன் பிறகு போனை யாரும் எடுக்கவில்லை. விடிந்ததும் போய்க் கூட்டிவரப் போகிறேன். கூப்பிட்டால் வருவாளா, தெரியவில்லை.