விடுதியில் இடமில்லாத வருடம்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

விடுதியில் இனி முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும் மட்டும்தான் இடமாம். இரண்டாம் வருடத்துக்காரர் நாங்கள் மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும். என் ஊர் முள்ளியவளையிலிருந்து தினமும் கிளிநொச்சிக் கம்பஸுக்கு வந்துபோக முடியாது. பஸ் மாறி வந்தால் காலை விரிவுரை ஒருநாளும் சரிவராது.

"பயப்படாதை தர்மி, ரெண்டு பேருமாய் வெளியில ஒரு ரூம் எடுப்பம்" என்றாள் மேனுகா. முதல் நாளிலிருந்து என் அறைத்தோழி. அவள் சொன்னால் நடந்துவிடும் என்று தோன்றும்.

பெப்ரவரி 10, சனி

சைக்கிளில் அலைந்தோம். முதல் வீட்டில் அறை முழுக்க நெல் மூட்டை. அடுத்ததில் குளிக்கப் போவதென்றால் வீட்டுக்காரர் சமைக்கிற குசினிக்குள்ளால் போக வேண்டும். மூன்றாவது, விமலேஸ்வரி அன்ரியின் வீடு. கம்பஸுக்குக் கிட்ட. பின்பக்கம் தனிக் கதவோடு அறை, இரண்டு கட்டில். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அன்ரி ஊர் விசாரித்தார். மேனுகாவின் அப்பா வடமராட்சி. அன்ரிக்குச் சந்தோசம். நான் முள்ளியவளை என்றேன்.

"அதுக்கு முன்னம்?"

"அப்பப்பா பதுளைத் தேயிலைத் தோட்டத்திலையிருந்து வந்தவர், அன்ரி."

"ஓ."

அதன்பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றைக்கூட மேனுகாவுக்குத்தான் காட்டினார்.

பெப்ரவரி 11, ஞாயிறு

அன்ரி மேனுகாவுக்குப் போன் எடுத்திருக்கிறார். அறை சின்னதாம், ஒரு ஆள்தான் இருக்கலாமாம். இரண்டு கட்டில் கிடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

"நீ போ" என்றேன்.

ஏன் அப்பிடிச் சொன்னனான்? போகமாட்டன் எண்டு சொல்லுவாள் எண்டுதானே. சரி, போகட்டும் — போகட்டும் எண்டு எழுதினால் ஆறிடுமோ?

பெப்ரவரி 12, திங்கள்

மேனுகா அன்ரிக்கு ஓம் சொல்லிவிட்டாள்.

பெப்ரவரி 18, ஞாயிறு

வீட்டுக்கு வந்தேன். இடம் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு, "எந்த ஊருன்னு கேட்டாங்களா?" என்றா.

வீட்டில் எங்களுக்குத் தோட்டத்துத் தமிழ், வெளியில் இந்தப் பக்கத்துத் தமிழ். இங்கே நான் எழுதுவதும் வெளித்தமிழ்தான். இவ்வளவு நாளும் அதைக் கவனிக்கவில்லை.

பெப்ரவரி 24, சனி

என் வகுப்பு சுகந்தினியும் இடமில்லாமல் அலைகிறாள். கம்பஸுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் வீடொன்றை அவள்தான் கண்டுபிடித்தாள். சொந்தக்காரர் கனடாவில். முற்றமெல்லாம் பாத்தீனியக் களை. பார்த்துக்கொள்ளும் ஏரம்பு ஐயா பிடிகொடுக்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளையள் தனிய. ஒண்டு நடந்தால் நானெல்லோ பதில் சொல்ல வேணும்? பெரியாக்கள் ஆரும் வந்து கதைக்கட்டும்."

சுகந்தினியின் பெற்றோர் இந்தியாவில். என் அப்பாவுக்கு அறுவடை வேலை. அம்மாதான் வர வேண்டும். அம்மா வாயைத் திறந்ததும் அவருக்கும் விளங்கிவிடுமே.

மார்ச் 2, சனி

அம்மா வந்தா. ஒழுங்கை முகப்பில், "கொஞ்சம் பாத்துக் கதையுங்கோ அம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

அம்மா தன் பேச்சிலேயே பேசினா. "ஐயா, எம்புள்ள தெனமும் பஸ்ஸுல அலைஞ்சா படிப்பு நின்னுரும். ஒங்களுக்கு பயமா இருந்தா மொதல்ல கொஞ்ச நாளைக்கு நானும் இங்கன தங்குறேன். அப்புறமா பாத்துட்டுச் சொல்லுங்க."

ஏரம்பு ஐயா நிலத்தைப் பார்த்தபடி யோசித்தார்.

"நீங்கள் நிண்டால் சரி, தங்கச்சி" என்று சாவியை அம்மாவிடம் நீட்டினார்.

மார்ச் 3, ஞாயிறு

நாள் முழுக்கப் பாத்தீனியம் பிடுங்கினோம். கையெல்லாம் ஒரே சொறி, கடி. தேளைக் கண்டு சுகந்தினி கதிரையில் ஏறி நின்று கத்த, அம்மா விளக்குமாற்றோடு சிரிக்கிறா. அம்மா இப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம்.

மே 14, செவ்வாய்

ஏரம்பு ஐயா சரியென்ற பிறகு அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டா. இன்று பின்னேரம் மேனுகா பையோடு வாசலில் நின்றாள். அன்ரி ஆறு மணிக்கே கேற்றைப் பூட்டிவிடுகிறாராம். ஆய்வுகூடம் முடிந்து வந்து பலநாள் தெருவில் நின்றிருக்கிறாள்.

"உங்கட வீட்டில இடமிருக்கே?"

சுகந்தினி என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்கு ரெண்டு பேரும் எண்டால்தான் வருவன் எண்டு அன்ரிக்குச் சொல்லியிருக்க வேணும். விளங்கியும் விளங்காத மாதிரி இருந்திட்டன், தர்மி" என்றாள் மேனுகா.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் வாசலில் நின்று இடம் கேட்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"உள்ளுக்கு வா. வந்து அரிசியைக் கழுவு" என்றேன்.

படுக்கப் பாய் விரிக்கும்போது, யன்னல் பக்கம் காற்று வருமென்று மெல்லக் கேட்டாள்.

"அது என்ர இடம்."

"சரி" என்று பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள்.